எப்ப எடுக்கிறியள்?

என் மகள் ஓர் அமெரிக்க ரொக் இசைக்குழுவில் டிரம்ஸ் அடிக்கிறாள். இந்த வாக்கியத்தை முழுதாக நான் யாருக்கும் சொன்னதில்லை. கோயிலில் கேட்டால் "மியூசிக் சைட்டில வேலை" என்பேன். வேலை என்ற சொல்லோடு பாதிப் பேர் நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் "பள்ளிக்கூடத்திலயோ?" என்பார்கள். நான் தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதை அவர்களிடமே விட்டுவிடுவேன்.

எனக்குத் தொழிலே சந்தேகப்படுவதுதான். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாகன விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறேன். ஒருவருடைய காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தால் மற்றவருடைய கார் எந்தப் பக்கம் நசுங்கியிருக்க வேண்டும் என்று பார்ப்பேன். கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று எழுதியவர் மருமகளின் கலியாணப் படத்தில் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார் என்று பார்ப்பேன். பல வருடம் இதைச் செய்தால் அந்தக் கண் வேலை முடிந்த பிறகும் மூடுவதில்லை. "உங்களுக்குச் சோறு போட்டாலும் ரிசீட் கேப்பியள்" என்பாள் மனைவி. அவள் இங்கே ரொறன்ரோவில், வோபர்ன் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் பிள்ளைகள் சொல்லும் பொய்களைக் கேட்டுக்கொண்டிருந்தும் அவள் எல்லோரையும் நம்புகிறவள்.

மகளின் குழு எங்கள் நகரத்து ஏரிக்கு அந்தப் பக்கம், ஆலைகள் மூடிப்போன ஓர் அமெரிக்க நகரத்தில் தொடங்கியது. அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் பாடுவான், தம்பி பேஸ் கிற்றார். பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் கிற்றார், இன்னொருவன் டிரம்ஸ். ஒரு நாள் ரொறன்ரோவில் ஒரு மதுச்சாலையில் வாசிக்கத் தங்கள் வான் வண்டியில் வந்தார்கள். எல்லையில் டிரம்ஸ்காரனை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் பேரில் பழைய வழக்கு ஒன்று இருந்ததாம். அந்த மதுச்சாலையில் ஒலியமைப்புப் பார்த்த பெண் என் மகளின் சிநேகிதி. மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தாள், சின்ன வயதிலிருந்தே வீட்டு நிலவறையில் டிரம்ஸ் அடிக்கிறவள். அன்று பின்னேரம் பாட்டுகளைக் கைபேசியில் கேட்டுப் பழகிக்கொண்டு, இரவு மேடையில் ஏறிவிட்டாள். மறுநாள் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "அவனுக்கு என்ன வழக்கு?"

"அப்பா, நான் நல்லா அடிச்சனானோ எண்டு கேளுங்கோவன்."

குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கு என்று பிறகு தெரிந்தது. அது என் துறை. அப்படிப்பட்டவனுடைய கூட்டாளிகள் வானை எப்படி ஓட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் அவளை விடவில்லை. பட்டத்தை முடித்துவிட்டுப் போ என்றோம். நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னோம். முடித்தாள். பட்டமளிப்பு உடுப்போடு எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டி ஆணி இறுகுமுன் வானில் ஏறிவிட்டாள். விசா கிடைக்காது என்று நம்பியிருந்தேன். அவர்களுடைய மனேஜர், எப்போதும் கறுப்புச் சட்டை போடுகிற ஒரு கலிஃபோர்னியாக்காரி, அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவள் ஒவ்வொரு மின்னஞ்சலின் முடிவிலும் நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று எழுதுவாள். தன்னைக் குடும்பம் என்று சொல்லிக்கொள்கிற நிறுவனங்களின் கோப்புகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

போன புதிதில் "இண்டைக்கு எங்க நிக்கிறாய்?" என்று கேட்டால் "தெரியாது அப்பா, டிரைவ் பண்ணிக்கொண்டிருக்கிறம்" என்பாள். எங்கே படுக்கிறாய் என்றால், "ஒருத்தற்ற வீட்டில." யாருடைய வீடு என்றால், "நல்ல ஆக்கள்." பிறகு ஒரு பேட்டியில் பார்த்தேன், அவளுக்கு வேறு பெயர். நாங்கள் வைத்த நீளமான பெயரை வெட்டி ஒரு தட்டுத் தட்டுகிற மாதிரி ஓரெழுத்துப் பெயர். நான்கு பேருமே அப்படி வைத்துக்கொண்டார்களாம்.

மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெரியம்மாவின் மகன், எனக்கு மூத்தவன், ஊரில் எங்களோடு ஒரே வளவில் வளர்ந்தவன், உயர்தரம் படிக்கும்போது ஒரு நாள் வீட்டில் சொல்லாமல் சண்டைக்கென்று இயக்கத்துக்குப் போய்விட்டான். அவனும் வானில்தான் போனான். அவனுக்கும் வேறு பெயர் வைத்தார்கள். எங்கே நிற்கிறான் என்று கேட்டால் தெரியாது என்றார்கள். பார்க்கப் போனால் சுகமாக இருக்கிறான், இப்போது கதைக்க முடியாது என்றார்கள். வானொலியில் செத்தவர்களின் பட்டியலில் அவனுடைய புதுப் பெயரைச் சொன்னபோது பெரியம்மா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அது யாருடைய பிள்ளையோ என்று நினைத்தார். மறுநாள் சந்தியில் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் முகம், கீழே பெயர், பெயருக்குக் கீழே இரண்டு திகதிகள்.

இதை மகளிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் அமெரிக்கக் கிற்றார்காரர்களையும் இயக்கத்தையும் ஒப்பிடுகிறேன் என்று சிரிப்பாள். ஒப்பிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பழைய பயம் அவளுடைய புதுப் பேரைக் கண்டதும் எழும்பிவிட்டது. இவளையும் எங்களுக்குத் தெரியாத ஒரு பெயரில் இழந்துவிடுவோம், எங்களுக்குக் கடைசியாகத்தான் தெரியவரும் என்ற பயம்.

பிள்ளை முன்னுக்கு வந்தாள், அதையும் சொல்ல வேண்டும். முதலில் நிலவறைகளிலும் மதுச்சாலைகளிலும் வாசித்தார்கள். பிறகு பெரிய குழு ஒன்று மேடை ஏறுமுன் சனத்தைச் சூடாக்குகிற குழுவாகக் கூடப் போனார்கள். ஒரு பாட்டைப் பிள்ளைகள் எல்லோரும் கைபேசியில் போட்டு ஆடத் தொடங்கினார்கள். அஜின்கோர்ட்டில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பாட்டுக் கேட்டது. கடைப் பெடியன் தன் கைபேசியில் போட்டிருந்தான். அந்த அடி என் வீட்டு நிலவறையிலிருந்து வருடக்கணக்காகக் கூரைவரை ஏறி வந்த அடி. அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. முருங்கைக்காயை முறித்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

வான் போய் பேருந்து வந்தது, படுக்கைகளோடு. தொலைக்காட்சியில் வந்தார்கள். சொந்தக்காரர் ரிக்கற் கேட்டார்கள். எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஓர் அண்ணை இருக்கிறார். ஓய்வுபெற்றவர், பஸ் பாஸை வைத்துக்கொண்டு ரொறன்ரோ முழுக்கச் சுற்றுகிறவர், எந்தச் செத்தவீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர். அவர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உம்மட மகளின்ர பான்ட் கலியாணவீட்டுக்கு வருமோ?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த பான்ட் என்றால் வரவேற்பு மண்டபத்தில் சினிமாப் பாட்டு வாசிப்பதுதான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பாடகன் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்தான். கையால் புட்டுச் சாப்பிட்டான். மனைவியை அம்மா என்றான், சப்பாத்தை வாசலில் நேராக அடுக்கி வைத்தான், குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டு அவளுடைய இலக்கத்தையும் வாங்கிக்கொண்டான். மனைவி உருகிவிட்டாள். கோரிக்கைக் கடிதம் மிக அழகாக இருந்தால் நான் அதை இரண்டாம் தரம் வாசிக்கிறவன். அவன் கண்களைப் பார்த்தேன், முழங்கையின் உள்பக்கத்தைப் பார்த்தேன், குளியலறைக்குப் போய் எவ்வளவு நேரம் நின்றான் என்று பார்த்தேன். போதைக்கு அடையாளம் ஒன்றும் அகப்படவில்லை. அது என் சந்தேகத்தைக் கூட்டியது.

இரண்டாவது இசைத்தட்டு அவ்வளவாக எடுபடவில்லை. பத்திரிகைகள் குறை சொன்னபோது உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இத்தோடு முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். அதே நேரத்தில் கிற்றார்காரன் விலகினான். தனிப்பட்ட காரணம் என்று அறிக்கை விட்டார்கள். தனிப்பட்ட காரணம் என்பது நாங்கள் அலுவலகத்தில் சிவப்புக் கோடு போடுகிற சொல். என்ன நடந்தது என்று மகளிடம் கேட்டேன். "அவனுக்கு பிரேக் வேணுமாம் அப்பா, தட்ஸ் இற்" என்றாள். படங்களில் அவள் மெலிகிறாளா என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். மெலிந்துதான் இருந்தாள். புதுக் கிற்றார்காரன் வந்தான், மூன்றாவது தட்டு வந்தது, அது முதலாவதையும் தாண்டிவிட்டது. பெரிய சுற்றுப்பயணம் தொடங்கியது.

அந்த மாதம் நாங்கள் ஒரு புதுக் காருக்குச் சொல்லியிருந்தோம். ஒரு நாள் மத்தியானம், அலுவலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது அந்தச் சங்கத்து அண்ணை தொலைபேசியில் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"தம்பி, எப்ப எடுக்கிறியள்?"

"வாற சனிக்கிழமை அண்ணை." கார் வாங்குவதை இவருக்கு யார் சொன்னது என்பதுதான் எனக்கு யோசனை.

"எவடத்தில?"

"பிக்கரிங்கில."

"தூரமாக்கிப்போட்டியள். சரி, ஆக்களைச் சேத்துக்கொண்டு வாறம்."

"நீங்கள் ஏன் அண்ணை கஷ்டப்படுறியள்?"

"என்ன கதை கதைக்கிறீர்? இதுக்கு வராட்டில் பிறகு என்னத்துக்குச் சங்கம்?" குரலை இன்னும் தணித்தார். "மனுசி எப்பிடி?"

"பரவாயில்லை. கலர்தான் அவவுக்குப் பிடிக்கேல்லை."

பிறகு அவர், சுகமில்லாத பிள்ளையோடு கதைக்கிற மாதிரி, "தம்பி, உம்மட நிலை எனக்கு விளங்குது. பிள்ளையின்ர போஸ்டரைக் கண்டதிலயிருந்து எனக்கே ஒரு மாதிரிக் கிடக்கு" என்றார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் எப்ப எடுக்கிறியள் என்பதற்கு வேறொரு பொருள் இருக்கிறது. செத்தவீட்டில், வாசலில் நிற்கிறவரிடம் தாழ்ந்த குரலில் கேட்பது. பிரேதத்தை எப்போது எடுக்கிறீர்கள் என்பது. நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

என்ன போஸ்டர் என்று கேட்டேன். கொலிஜ் தெருவில், தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்காரில் போகும்போது கண்டாராம். கறுப்பு வெள்ளையில் பிள்ளையின் முகம், மூலையில் பூ, கீழே இடப்பக்கம் ஒரு திகதி, வலப்பக்கம் ஒரு திகதி. வடிவாகச் செய்திருக்கிறார்கள் என்றார். தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்ற மனவருத்தம் இருந்தாலும் அதை இப்போது பெரிதுபடுத்தவில்லை என்றும் சொன்னார்.

மற்ற எந்த விடயமென்றாலும் நான் முதலில் கேட்டிருப்பேன்: எந்தத் திகதிகள்? எந்த வருடம்? யார் ஒட்டியது? ஒன்றுமே கேட்கவில்லை. கோரிக்கைகளில் கமாவைக் கூட நம்பாதவன், ஓடுகிற ஸ்ரீட்கார் கண்ணாடியூடாக ஒரு கிழவர் கண்டதை அப்படியே நம்பினேன். எங்கள் வீட்டில் சாவு போஸ்டரில்தான் வரும்.

மகளின் இலக்கத்தை அழுத்தினேன். அணைத்திருந்தது. மனேஜருக்கு அழுத்தினேன். எடுக்கவில்லை, எழுத்தில் பதில் வந்தது: அவள் சுகமாக இருக்கிறாள், இப்போது கதைக்க முடியாது. ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு அது பெரியம்மாவுக்குச் சொன்ன அதே வசனம். அழுத்திய இலக்கங்கள் பிழைத்தன. மனைவியின் காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அவள் காலமை எனக்கு மெசேஜ் போட்டவள்" என்றாள். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மெசேஜ் ஆரும் போடலாம். நீர் குரலைக் கேட்டனீரோ?"

"ஏனப்பா, என்ன நடந்தது?"

சொன்னேன். கதவைச் சாத்தினாள் போல, பிள்ளைகளின் சத்தம் நின்றது. பிறகு பொறுங்கோ என்றாள். குழம்பு கேட்டு வாங்கிய இலக்கம் அவளிடம் இருந்தது. பாடகனை எடுத்து என்னையும் அதே அழைப்பில் இணைத்துவிட்டாள்.

அவன் உடனே எடுத்தான். மண்டபம் ஒன்றில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இதோ கேளுங்கள் என்று தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். டிரம்ஸ் சத்தம் கேட்டது. டிரம்ஸ் யாரும் அடிக்கலாம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவன் நடக்கிற சத்தம், படியேறுகிற சத்தம். அடி நின்றது.

"அப்பா? வாட் ஹாப்பண்ட்?"

"கதை பிள்ளை."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையெண்டாலும். தமிழில கதை."

"அப்பா, நான் வேலையில நிக்கிறன்" என்றாள்.

தமிழில் அவள் சொன்ன வேலை என்ற அந்தச் சொல்லில் நான் பல வருடங்களாக ஊரை ஏமாற்ற வைத்திருந்த சாட்டு எதுவும் இல்லை. உண்மையிலேயே வேலையில் நின்றவளைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அழுதிருக்கிறேன் போல.

அன்று பின்னேரம் மனைவி இணையத்தில் அந்தப் போஸ்டரை எடுத்துக் காட்டினாள். நான்கு பேருக்கும் தனித்தனிப் போஸ்டர். இடப்பக்கம் சுற்றுப்பயணம் தொடங்கும் திகதி, வலப்பக்கம் முடியும் திகதி. பூ என்று அண்ணை கண்டது அந்தத் தட்டின் சின்னம். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சமையலறையில் போய் முகம் கழுவினாள். அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று கேட்டார். அமெரிக்காவில் என்றேன். "ஓம், ஓம்" என்றார், அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகள் தொலைபேசி எடுத்தாள். இந்த முறை பெரியம்மாவின் மகனைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டாள், சொன்னேன். பிறகு, சனிக்கிழமை நிகழ்ச்சி இல்லை, வாறன் என்றாள். மனேஜர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தாளாம். மனேஜருக்கு இவள் வருவது பிடிக்கவில்லை என்று நான் ஊகித்தேன். வீட்டுக்கு வந்தால் திரும்பிப் போகமாட்டாள் என்ற பயமாக இருக்கும் என்றும் ஊகித்தேன்.

சனிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தெருவில் வாகனங்கள். அண்ணை சொன்னது சொன்னபடி ஆக்களைச் சேர்த்திருந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் இடியப்பமும் சொதியும் சம்பலும் தட்டுத் தட்டாக வந்திருந்தன. பிக்கரிங்கில் எந்த மண்டபம் என்று தேடி அலைந்துவிட்டு நேரே வீட்டுக்கே வந்தவர்களும் இருந்தார்கள். கூடத்தில் பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே மகள் சிவந்த கண்களோடு, விமானத்தில் வந்த உடுப்போடு, எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு எதைக் கதைப்பதென்று தெரியாமல் இருந்தார்கள். ஒருவர் வானிலை கதைத்தார். ஓர் அன்ரி அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், நீங்களும் தொட்டுப் பாருங்கோ" என்று மகள் அண்ணையிடம் கையை நீட்டினாள்.

அவர் தொட்டார். உள்ளங்கைக் காய்ப்பைத் தடவிவிட்டு, "பிள்ளை நல்லா மெலிஞ்சுபோனாய்" என்றார். அவர் சொன்னதும் என்னை மீண்டும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். புதுக் காருக்குள் பிளாஸ்ரிக் மணம். கிற்றார்காரன் ஏன் போனான் என்று கேட்க வாய்வரை வந்தது. ஏன் மெலிந்தாய், என்ன சாப்பிடுகிறாய், கதவைப் பூட்டிப் படுக்கிறாயா என்றெல்லாம் வந்தது. அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அப்பா, நீங்கள் கேக்கப் போறது எனக்குத் தெரியும். கேளுங்கோ" என்றாள்.

"நிப்பாட்டுவியோ?"

"இல்லை அப்பா."

யோசிக்காமல் சொன்னாள். சமாதானமும் சொல்லவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் எழுத்தில் இல்லை, ஒவ்வொரு நாளும் குரலில் சொல்கிறேன் என்றாள். நான் தலையாட்டினேன். பின்னால் நின்ற வாகனம் ஹோர்ன் அடித்தது.

வீட்டுக்குப் போகவில்லை. காத்திருக்கிறவர்கள் நிறுத்துகிற இடத்தில் காரை விட்டுவிட்டு இருந்தேன். மனைவி எடுத்தாள், வாறன் என்றேன். பிறகு மகளின் குரல் பதிவு வந்தது. "அப்பா, ஏறிட்டன். பக்கத்தில ஒரு குழந்தை கத்துது. சாப்பிட்டனான்." மீண்டும் கேட்டேன். அவள் குரலுக்குப் பின்னால் ஓர் ஆண் சிரிப்பது கேட்டது. யாரென்று தெரிய இன்னொரு முறை போட்டேன். தெரியவில்லை. அவள்தான் தனியே வந்தவளாயிற்றே. குழந்தையின் தகப்பனாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காரை எடுக்காமல், விமானங்கள் ஏறுகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.